தோண்டாத கிணற்றின் மெகாவாட்: புவிவெப்பக் கிணற்றை நிச்சயமின்மையோடு கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

புவிவெப்பக் கிணற்றுக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது, "எத்தனை மெகாவாட் வரும்?" என்பதுதான். கிணறு இன்னும் தோண்டவில்லை. இரண்டு கிலோமீட்டர் கீழே இருக்கும் பாறையை யாரும் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் ஒரு எண் சொல்லியாக வேண்டும். மென்பொருளுக்கு அதில் தயக்கமே கிடையாது. கேட்டால் இரண்டு தசமத்தோடு எண்ணைத் தந்துவிடும். அந்த எண் எவ்வளவு ஆடும், எதனால் ஆடும் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது கணிப்பு.

எடுத்துக்காட்டுக்கு நெதர்லாந்தின் தென் ஹாலந்து மாகாணத்தை எடுத்துக்கொள்கிறேன். தக்காளியும் பூக்களும் வளரும் கண்ணாடிக் குடில்களைச் சூடாக்க அங்கே நிலத்தடி வெந்நீரைப் பயன்படுத்துகிறார்கள். முதல் கிணற்று ஜோடி 2007-இல் பிளைஸ்வைக்கில் தொடங்கியது. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2023-இல் தன் வளாகத்திலேயே ஒரு ஜோடியைத் தோண்டியது. ஒரு கிணறு சூடான உப்புநீரை மேலே எடுக்கும். வெப்பப் பரிமாற்றியில் சூட்டைக் கழித்துக்கொண்டு, ஆறிய நீரை இன்னொரு கிணறு அதே பாறைக்குள் திரும்பச் செலுத்தும். முதலாவதை எடுப்புக் கிணறு என்றும் இரண்டாவதைச் செலுத்துக் கிணறு என்றும் சொல்லிக்கொள்வோம்.

கென்யாவின் ஓல்காரியா, நியூசிலாந்தின் வைராக்கி போன்ற இடங்களின் கதை வேறு. அங்கே நீர் குழாயிலேயே கொதித்து நீராவியாகும். அதற்கு இருநிலை ஓட்டத்தைக் கணக்கிடும் தனி மென்பொருள் வேண்டும். ஆனால் நிச்சயமின்மையைக் கையாளும் முறை இரண்டுக்கும் ஒன்றேதான்.

இனி வரும் கிணற்று எண்கள் ஒரு கற்பனை ஜோடிக்கு நான் போட்ட கணக்கு. எந்த உண்மையான திட்டத்தின் எண்களும் அல்ல. அந்தப் பகுதியின் மணற்கல்லுக்குப் பொருந்தும் அளவுகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

படி 1: பி90 என்றால் எது என்று முதலில் எழுதி வையுங்கள்

இந்தத் துறையில் பி90 என்றால், 'குறைந்தது இவ்வளவாவது கிடைக்க 90 சதவீத வாய்ப்பு' என்று பொருள். அதாவது அது சின்ன எண். பி10 பெரிய எண். பி50 நடுவில். நம்பை போன்ற பைத்தான் நூலகத்தில் 90-ஆவது சதமானத்தை, அதாவது நூற்றில் 90 முடிவுகள் எதற்குக் கீழே இருக்குமோ அந்த எண்ணைக் கேட்டால் அது பெரிய எண்ணைத் தரும். நம் கணக்கில் அது பி10. இந்தத் தலைகீழ் மாற்றத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நெதர்லாந்தில் இதற்குப் பண மதிப்பும் உண்டு. கிணறு எதிர்பார்த்ததைத் தராவிட்டால் ஈடு செய்யும் அரசு உத்தரவாதத் திட்டம், பி90 திறனைத்தான் அளவுகோலாக வைக்கிறது. அதற்கான கணக்கைப் பெரும்பாலும் டி.என்.ஓ. என்ற ஆய்வு நிறுவனத்தின் டப்லெட்கால்க் மென்பொருளில் போடுகிறார்கள். இலவசம்தான். ஊடுருவுதிறன் (பாறை நீரை எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்ற அளவு), தடிமன், ஆழம், உப்பளவு போன்றவற்றுக்குக் குறைந்தது, நடு, அதிகம் என மூன்று எண்கள் கொடுத்தால், மான்டே கார்லோ முறையில், அதாவது அந்த எல்லைக்குள் எண்களைக் குலுக்கி எடுத்து, ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்து பி90, பி50, பி10 மூன்றையும் தரும். உள்ளே நடப்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பைத்தானில் நீங்களே நூறு வரிக்குள் எழுதிவிடலாம். ஒரு தடவையாவது எழுதிப் பாருங்கள்; அப்புறம் டப்லெட்கால்க் தரும் எண்ணை நம்புவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரியும்.

படி 2: நிச்சயமின்மையை மறந்துவிட்டு, கையால் ஒரு கணக்கு

மான்டே கார்லோவுக்கு அவசரப்படாதீர்கள். நடு மதிப்புகளை மட்டும் வைத்துக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்களின் மாதிரியில் அலகுப் பிழை ஒளிந்திருக்கும். பத்தாயிரம் ஓட்டத்துக்குள் அது கண்ணில் படவே படாது.

நம் கிணறு இப்படி. மணற்கல்லின் மேல்மட்டம் 2,200 மீட்டர் ஆழத்தில். தடிமன் 60 மீட்டர், அதில் உருப்படியான மணற்கல் 80 சதவீதம். ஆக, நிகரத் தடிமன் 48 மீட்டர். ஊடுருவுதிறன் 500 மில்லிடார்சி, அதாவது அதன் அலகான டார்சியில் பாதி. இரண்டையும் பெருக்கினால் 24 டார்சி-மீட்டர். இந்த ஒற்றை எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரப்போகிறது. கிணறுகள் பாறைக்குள் 1,500 மீட்டர் தள்ளி இருக்கின்றன. துளையின் விட்டம் எட்டரை அங்குலம். நீரில் எடைக்குப் பத்து சதவீதம் உப்பு.

வெப்பநிலை எளிது. தரைமட்டத்தில் 10.5 டிகிரி செல்சியஸ், கிலோமீட்டருக்கு 31 டிகிரி ஏறுகிறது என்றால், அடுக்கின் நடுவில் ஏறக்குறைய 80 டிகிரி. வரும் வழியில் ஒன்றிரண்டு டிகிரி போகும். 35 டிகிரியில் திரும்பச் செலுத்தினால் நமக்குக் கிடைக்கும் வித்தியாசம் 43 டிகிரி.

அடுத்து ஓட்டம். டார்சி விதிப்படி, ஒரு கிணற்றுக்கும் பாறைக்கும் இடையே தேவைப்படும் அழுத்தம் என்பது ஓட்டத்தைப் பாகுநிலையால் (ஓடுவதற்கு நீர் தானே காட்டும் எதிர்ப்பு) பெருக்கி, கிணறுகளின் இடைவெளிக்கும் துளையின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையால் பெருக்கி, இரண்டு பை மடங்கு டார்சி-மீட்டரால் வகுத்தால் வருவது. நம் எண்களுக்கு அந்த மடக்கை சுமார் 9.5. மணிக்கு 200 கன மீட்டர் ஓட, இரண்டு கிணறுகளுக்கும் சேர்த்துப் பாறை கேட்கும் அழுத்தம் 46 பார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த 46 பாரில் எடுப்புக் கிணற்றின் பங்கு 15 பார்தான். மீதி 31 பார் செலுத்துக் கிணற்றுக்குப் போகிறது. பாறை ஒன்றேதான், ஆனால் 35 டிகிரி உப்புநீரின் பாகுநிலை 80 டிகிரி நீரினுடையதைப் போல இரண்டு மடங்கு. அதனால் மேலே வெப்பப் பரிமாற்றியில் எந்த வெப்பநிலைவரை ஆறவிடுகிறோம் என்பது கீழே ஓட்டத்தையே மாற்றிவிடும். 35-க்குப் பதிலாக 25 டிகிரியில் செலுத்தினால் வெப்பநிலை வித்தியாசம் கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். ஆனால் ஓட்டம் 200-இலிருந்து 177 கன மீட்டராக இறங்கும். முடிவில் திறன் கூடுவது பத்து சதவீதத்துக்குள்தான்.

குழாய் உராய்வு ஒவ்வொரு கிணற்றிலும் 3 பார், மொத்தம் 6. இன்னொரு பக்கம், செலுத்துக் கிணற்றின் குளிர்ந்த நீர் கனமானது, எடுப்புக் கிணற்றின் சூடான நீர் லேசானது. அந்த எடை வித்தியாசம் 5 பார் அளவுக்கு நமக்கு உதவுகிறது. ஆக, பம்ப் தர வேண்டியது 47 பார். வெப்பத் திறன் 9.3 மெகாவாட். பம்பின் செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்தால் அது இழுக்கும் மின்சாரம் சுமார் 0.43 மெகாவாட். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இருபது பங்குக்கு மேல் வெப்பம். இது நியாயமான எண். இங்கே 2 என்றோ 200 என்றோ வந்தால் எங்கேயோ ஓர் அலகு இடம் மாறியிருக்கிறது.

உப்புநீரின் அடர்த்திக்கும் பாகுநிலைக்கும் பாட்ஸில், வாங் இருவரும் 1992-இல் தந்த சமன்பாடுகள் போதும். தூய நீரின் அட்டவணையை வைத்து ஓட்டாதீர்கள். பத்து சதவீத உப்பு பாகுநிலையை ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிவிடும்.

படி 3: ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஓர் எல்லை

வழிகாட்டியின் இதயம் இதுதான். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

நெதர்லாந்தில் ஒரு வசதி உண்டு. சுரங்கச் சட்டப்படி பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் தரவு ஐந்து ஆண்டுகளில் பொதுவெளிக்கு வந்துவிடும். பக்கத்துக் கிணறுகளின் பதிவுகளும் பாறை மாதிரி அளவீடுகளும் இலவசமாகக் கிடைக்கும். தெர்மோஜிஐஎஸ் என்ற டி.என்.ஓ. வரைபடத்தில் உங்கள் இடத்துக்கான முதல் மதிப்பீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். சிக்கல் தரவு கையில் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்துக் கிணற்றிலிருந்து எடுத்த விரல் நீளத் துண்டுகளின் ஊடுருவுதிறன் 5 மில்லிடார்சியிலிருந்து 3,000 வரை இருக்கிறது என்று வைப்போம். "குறைந்தது 5, அதிகம் 3,000" என்று மென்பொருளில் போட்டுவிடத் தோன்றும். தவறு. அது துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடு. நம் கிணறு ஒரு துண்டிலிருந்து நீர் எடுக்கவில்லை, 48 மீட்டர் மணற்கல் முழுவதிலிருந்தும் எடுக்கிறது. நமக்கு வேண்டியது அந்த முழு அடுக்கின் சராசரி எவ்வளவு இருக்கலாம் என்பதன் எல்லை. அது துண்டுகளின் எல்லையைவிட மிகக் குறுகியது. துண்டுகளின் வேறுபாட்டை அப்படியே போட்டால் பி90 பாதாளத்துக்குப் போய், நல்ல திட்டம்கூடச் செத்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. துண்டுகள் நூறு இருக்கின்றன, சராசரியின் பிழை பத்தில் ஒன்றாகிவிடும் என்று சொல்லி எல்லையை ஊசி முனை அளவுக்குச் சுருக்குவது. அந்த நூறும் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரே கிணற்றிலிருந்து வந்தவை. இந்தப் பகுதியின் டெல்ஃப்ட் மணற்கல் கிரெட்டேசியக் காலத் தொடக்கத்தில் ஆறுகள் விட்டுச்சென்ற படிவு. ஆற்றுப்படுகை மணல் ஓர் இடத்தில் அடுக்கடுக்காக இருக்கும். சிறிது தள்ளிப் போனால் வெள்ளச் சமவெளியின் களிமண் வந்துவிடும். பக்கத்துக் கிணற்றில் நூறு துண்டு இருந்தாலும் உங்கள் இடத்தைப் பற்றி அது ஒரே ஒரு சாட்சிதான். அந்தப் பகுதியில் ஐந்தாறு கிணறு இருந்தால் கிணற்றுக்குக் கிணறு சராசரி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அந்த மாற்றம்தான் உங்களுக்குரிய எல்லை.

கிணற்றுச் சோதனையின் முடிவு எங்காவது கிடைத்தால் அதற்குத் துண்டுகளைவிட அதிக மதிப்புக் கொடுங்கள். அது நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் பாறையை ஒட்டுமொத்தமாக அளந்த எண்.

நம் கற்பனைக் கிணற்றுக்கு நான் எடுத்துக்கொண்டது: ஊடுருவுதிறன் பி90-இல் 250, பி50-இல் 500, பி10-இல் 1,000 மில்லிடார்சி. தடிமன் 49, 60, 73 மீட்டர். நிகரப் பங்கு 0.74, 0.80, 0.87. வெப்ப ஏற்றம் கிலோமீட்டருக்கு 29.5, 31, 32.5 டிகிரி. கிணற்றுச் சுவரையொட்டிய பாறையின் சேதத்தைக் குறிக்கும் ஸ்கின் எண் இரு கிணறுகளிலும் கூட்டியோ குறைத்தோ 1.

பரவலின் வடிவத்தைப் பற்றியும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஊடுருவுதிறன் மடங்குகளில் மாறும் அளவு. அதற்கு மடக்கை இயல்நிலைப் பரவல் (மதிப்பின் மடக்கை மணி வடிவில் பரவுவது) பொருந்தும், சமச்சீர் முக்கோணம் பொருந்தாது. இன்னொன்று, முக்கோணப் பரவலைக் கேட்கும் மென்பொருளில் நடு எண் என்பது இடைநிலையா, உச்சியா என்று கவனியுங்கள். டப்லெட்கால்க் இடைநிலையை, அதாவது பாதி வாய்ப்பு மேலும் பாதி கீழும் உள்ள மதிப்பைக் கேட்கிறது. வேறு பல கருவிகள் அதிகம் வாய்ப்புள்ள மதிப்பை, அதாவது உச்சியைக் கேட்கும். குறைந்தது, அதிகம் என்ற கட்டங்களில் பி90, பி10 மதிப்புகளை இட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சமச்சீர் முக்கோணத்தில் அப்படிச் செய்தால் நீங்கள் நினைத்த அகலத்தில் 55 சதவீதம்தான் மிஞ்சும். ஒரே தட்டச்சில் பாதி அபாயம் மறைந்துவிடும்.

படி 4: எது எதோடு சேர்ந்து ஆடுகிறது

ஒவ்வொரு உள்ளீட்டையும் தனித்தனியே குலுக்கி எடுத்தால், ஒன்று மோசமாக வரும்போது இன்னொன்று நன்றாக வந்து சமன் செய்துவிடும். இயற்கை எப்போதும் அவ்வளவு தாராளம் காட்டாது. ஆற்றுப்படிவில் களிமண் அதிகமான இடத்தில் மணலும் பொடியாகவே இருக்கும். நிகரப் பங்கு குறைந்தால் ஊடுருவுதிறனும் குறையும். இரண்டுக்கும் இடையே இணைவைக் கொடுக்காவிட்டால் பரவல் பொய்யாகக் குறுகிவிடும்.

எடுப்புக் கிணறு, செலுத்துக் கிணறு இரண்டின் ஆழத்தையும் தனித்தனியாகக் குலுக்குவதும் இதே வகை. நிலநடுக்க அலை ஆய்வில் அலையின் வேகத்தைத் தவறாகக் கணித்திருந்தால் இரண்டு கிணறுமே ஒரே பக்கம் தவறும்.

இதற்கு நேர்மாறான குறுக்குவழி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மான்டே கார்லோ எதற்கு, எல்லா உள்ளீட்டுக்கும் பி90 மதிப்பைப் போட்டால் பி90 முடிவு வந்துவிடுமே என்பார்கள். நம் எண்களில் செய்து பார்ப்போம். 250 மில்லிடார்சி, 49 மீட்டர், 0.74 மூன்றையும் பெருக்கினால் சுமார் 9 டார்சி-மீட்டர். இவை ஒன்றையொன்று சாராதவை என்றால் உண்மையான பி90 11.6. அந்த 9 என்பது கிட்டத்தட்ட பி96. எல்லாக் கெட்டதும் ஒரே கிணற்றில் நடக்கும் என்ற கணக்கு அது. இணைவு பலமாக இருந்தால் உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விழும்.

படி 5: ஓட்டத்தை நிலையாக வைக்காதீர்கள்

பலர் "மணிக்கு 200 கன மீட்டர்" என்று ஓட்டத்தை முடிவு செய்துவிட்டு, ஒவ்வொரு குலுக்கலிலும் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். நிஜத்தில் நடப்பது வேறு. பம்பும் அனுமதியும் அழுத்தத்துக்குத்தான் வரம்பு போடுகின்றன, ஓட்டம் அதற்குள் அமைந்துகொள்கிறது. ஆகவே ஒவ்வொரு குலுக்கலிலும் வரம்புகளைக் கொடுத்து ஓட்டத்தைத் தேட வேண்டும். பாறையின் எதிர்ப்பு ஓட்டத்துக்கு நேர்விகிதம், குழாய் உராய்வு ஏறக்குறைய ஓட்டத்தின் வர்க்கத்துக்கு. எளிய மாதிரி என்றால் இருபடிச் சமன்பாட்டிலேயே முடிந்துவிடும். வெப்ப இழப்பையும் பாகுநிலையையும் சேர்த்தால் பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள, சமன்பாட்டின் விடையைத் தேடித் தரும் பிரெண்ட் முறையிடம் விட்டுவிடலாம்.

பம்ப் 47 பார் தருகிறது என்று வைத்து ஓட்டினால், 11.6 டார்சி-மீட்டருக்கு மணிக்கு 106 கன மீட்டரும் 4.9 மெகாவாட்டும் வருகிறது. 24-க்கு 199 கன மீட்டர், 9.3 மெகாவாட். பி10 ஆன 49.5-க்கு 324 கன மீட்டர், 15 மெகாவாட். உற்றுப் பாருங்கள். பாறை இரண்டு மடங்குக்கு மேல் நல்லதாக வந்தாலும் ஓட்டம் 1.6 மடங்குதான் கூடியது. 324 கன மீட்டரில் குழாய் உராய்வு மட்டும் 16 பாரைத் தின்றுவிடுகிறது. நல்ல பாறை கிடைத்தும் அதை முழுதாக அனுபவிக்க விடாதது கிணற்றுக்குள் இறக்கிய கேசிங் குழாயின் விட்டம். உராய்வு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதம் என்பதால், மேல்பக்க வாய்ப்பு முக்கியம் என்று நினைக்கிறவர்கள் ஓர் அளவு பெரிய குழாயின் செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வரம்பு, செலுத்தும் அழுத்தம். அதிகம் போனால் பாறையோ மேலே இருக்கும் களிப்பாறை மூடியோ வெடிக்கலாம், பழைய பிளவு நகரலாம். நெதர்லாந்தில் இது வெறும் ஏட்டு அபாயம் இல்லை. வென்லோ அருகே சிறு நிலநடுக்கங்களுக்குப் பிறகு 2018-இல் புவிவெப்ப உற்பத்தியை நிறுத்தினார்கள். சுரங்கக் கண்காணிப்புத் துறை செலுத்தும் அழுத்தத்துக்கு உச்ச எல்லை வைக்கிறது.

நம் கிணற்றில் செலுத்துக் கிணற்றடியில் பாறையில் கூடும் அழுத்தம் 30 பாருக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லையை வைத்துப் பார்த்தேன். பி10 மாறவே இல்லை. பி50 9.3-இலிருந்து 9 மெகாவாட் ஆனது. பி90 மட்டும் 4.9-இலிருந்து 4.4-க்கு விழுந்தது. காரணம் எளிது. மோசமான பாறையில்தான் பம்பின் அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் பாறைக்குள் போகிறது; எல்லை அங்கேதான் முட்டுகிறது. உராய்வு மேல்பக்கத்தை வெட்டுகிறது, அழுத்த எல்லை கீழ்ப்பக்கத்தை வெட்டுகிறது. ஒற்றை நடு மதிப்பில் மட்டும் கணக்குப் போட்டவருக்கு இந்த இரண்டும் கண்ணில் படாது.

எடுப்புக் கிணற்றில் சப்மெர்சிபிள் பம்ப் இருக்கும் ஆழத்தையும் சரிபாருங்கள். அங்கே அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் நீரில் கரைந்திருக்கும் வாயு குமிழாக வெளிவந்து பம்பைப் பாழாக்கும். நெதர்லாந்தின் நிலத்தடி நீரில் மீத்தேன் கரைந்திருப்பது சகஜம்.

படி 6: எத்தனை தடவை ஓட்டுவது

இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆயிரம் ஓட்டத்தில் பி90 என்று நீங்கள் சொல்வது ஏறக்குறைய ஒரு சதமானம் முன்பின் இருக்கும். பத்தாயிரத்தில் அது 0.3 ஆகும். ஊடுருவுதிறனே இரண்டு மடங்கு ஆடும்போது இது ஒரு பொருட்டே இல்லை. பத்தாயிரம் ஓட்டி, வேறு சமவாய்ப்பு விதையில் (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) இன்னொரு முறை ஓட்டி, பி90 அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். போதும். ஓர் ஓட்டத்துக்கே மணிக்கணக்கில் எடுக்கும் முப்பரிமாண மாதிரி என்றால் மட்டும் ஒவ்வொரு எல்லையையும் சீராகப் பிரித்துக் குலுக்கும் லத்தீன் ஹைப்பர்கியூப் மாதிரியெடுப்பைப் பயன்படுத்தி நூறு, இருநூறு ஓட்டத்தில் முடிக்கலாம்.

படி 7: யார் குற்றவாளி

இப்போது மற்றவற்றை நடு மதிப்பில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் அதன் பி90, பி10 மதிப்புகளில் ஓட்டிப் பாருங்கள். நம் கிணற்றில் திறன் இப்படி ஆடுகிறது: ஊடுருவுதிறனால் 5.1 முதல் 14.8 மெகாவாட் வரை. தடிமனால் 7.9 முதல் 10.8. ஸ்கின்னால் 8.6 முதல் 10.1. வெப்ப ஏற்றத்தால் 8.5 முதல் 10.1. குழாய் உராய்வை 20 சதவீதம் கூட்டிக் குறைத்தால் 9.1 முதல் 9.5, அவ்வளவுதான்.

கூட்டங்களில் வெப்பநிலையைப் பற்றித்தான் அதிகம் விவாதிப்பார்கள். அது எல்லோருக்கும் புரியும் எண். குழாயின் சொரசொரப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன். ஊடுருவுதிறனுக்கு ஒரே வரி இருக்கும். நேரத்தையும் பணத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பதை மேலே உள்ள பட்டியல் சொல்கிறது: இன்னொரு பழைய கிணற்றின் சோதனை அறிக்கையைத் தேடிப் பிடிப்பது, இன்னும் துல்லியமான குழாய் மாதிரி எழுதுவதைவிடப் பல மடங்கு உபயோகம்.

உள்ளீடுகளின் விளைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால், முடிவின் ஆட்டத்தில் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துக் காட்டும் சோபோல் குறியீடுகள் இன்னும் நேர்மையான படத்தைத் தரும். ஆனால் இந்த அளவு மாதிரிக்கு மேலே செய்த எளிய கணக்கே அதே வரிசையைத் தந்துவிடும்.

படி 8: எத்தனை ஆண்டு சூடாக இருக்கும்

முதல் நாளின் திறன் மட்டும் போதாது. செலுத்திய குளிர்ந்த நீர் ஒரு நாள் எடுப்புக் கிணற்றை வந்தடையும். சீரான அடுக்குக்குக் கைக்கணக்கு உண்டு: கிணறுகளின் இடைவெளியின் வர்க்கத்தை நிகரத் தடிமனால் பெருக்கி, பையை மூன்றால் வகுத்து அதனாலும் பெருக்குங்கள். அதை நீருக்கும் பாறைக்கும் உள்ள வெப்பக் கொள்ளளவு விகிதத்தால் திருத்தி, ஆண்டு ஓட்டத்தால் வகுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் மணிக்கு 200 கன மீட்டர் ஓடினால் நம் ஜோடிக்கு 42 ஆண்டு. 324 கன மீட்டர் என்றால் 26 ஆண்டு.

அதாவது முதல் நாளில் பிரமாதமாக இருக்கும் கிணறு சீக்கிரம் ஆறவும் செய்யும். அது தடிமனால் நன்றாக ஓடுகிறதா, ஊடுருவுதிறனால் நன்றாக ஓடுகிறதா என்பதைப் பொறுத்து இது மாறும். தடிமன் கூடினால் ஆயுளும் கூடும். ஊடுருவுதிறன் மட்டும் கூடினால் கூடாது. அதனால் திறனையும் ஆயுளையும் ஒரே குலுக்கலிலிருந்து சேர்த்து எடுங்கள். திறனின் பி10-ஐயும் ஆயுளின் பி10-ஐயும் பக்கம் பக்கமாக எழுதினால், அப்படி ஒரு கிணறு இருக்கவே வாய்ப்பில்லாமல் போகலாம்.

படி 9: முதல் கிணறு தோண்டியதும் திரும்ப ஓட்டுங்கள்

முதல் கிணற்றில் சோதனை நடக்கும். சில மணி நேரமோ ஒரு நாளோ நீரை எடுத்து, பம்பை நிறுத்தி, அழுத்தம் திரும்ப ஏறுவதைப் பதிவு செய்வார்கள். மடக்கை நேர அச்சில் அந்தக் கோட்டின் சரிவு நேரடியாக டார்சி-மீட்டரைச் சொல்லும். நாம் மூன்று எண்களைப் பெருக்கி ஊகித்ததைப் பாறையே ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறது.

சோதனை 18 டார்சி-மீட்டர் என்று சொல்கிறது, அதன் பிழை 15 சதவீதம் என்று வைப்போம். பழைய பத்தாயிரம் குலுக்கல்களைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றின் டார்சி-மீட்டரும் 18-க்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து எடை கொடுத்து, அந்த எடையோடு சதமானங்களை மறுபடி எடுங்கள். அழுத்த எல்லை இல்லாத நிலையில் பி50 9.3-இலிருந்து 7.3 மெகாவாட்டாக இறங்குகிறது. எல்லோர் முகமும் வாடும். ஆனால் பி90 4.9-இலிருந்து 6.2-க்கு ஏறியிருக்கிறது. எதிர்பார்த்ததைவிடச் சுமாரான பாறை, ஆனால் இப்போது அது என்ன என்று தெரியும். பி90-ஐப் பார்த்துக் கடன் கொடுப்பவருக்கு இந்தக் கிணறு முன்பைவிட நல்ல கிணறு.

இரண்டாம் கிணற்றைத் தோண்டும் முன் மாற்றக்கூடியவை இன்னும் கையில் இருக்கின்றன. பாறைக்குள் கிணற்றைச் சாய்வாகச் செலுத்தினால் மணற்கல்லோடு தொடும் நீளம் கூடும், ஸ்கின் எண் குறையும். செலுத்தும் பக்கம்தான் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தைக் கேட்கிறது என்று படி 2-இல் பார்த்தோம். எனவே சாய்வை எந்தக் கிணற்றில் செய்வது என்ற கேள்விக்கு விடை தெரியும். ஓட்டம் குறைந்துவிட்டதால் குளிர்நீர் வந்துசேரும் காலமும் தள்ளிப் போகும். கிணறுகளின் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கவும் இடமிருக்கும். ஆனால் இடைவெளி மடக்கைக்குள் இருப்பதால், 1,500-ஐ 1,200 ஆக்கினாலும் அழுத்தத்தில் மிச்சமாவது இரண்டு சதவீதம்தான், ஆயுளோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். துளையிடும் நீளத்தில் நல்ல மிச்சம் இருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

படி 10: கோப்பில் என்ன இருக்க வேண்டும்

மென்பொருளின் பதிப்பு எண், சமவாய்ப்பு விதை, ஒவ்வொரு எல்லையும் எந்தக் கிணற்றுத் தரவிலிருந்து வந்தது, எவற்றுக்கு இணைவு கொடுத்தீர்கள், எந்த வரம்பு எத்தனை சதவீதக் குலுக்கல்களில் முட்டியது. கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை, அதைத்தான் நான் முதலில் தேடுவேன். செலுத்தும் அழுத்த எல்லை பாதிக்கு மேற்பட்ட குலுக்கல்களில் முட்டுகிறது என்றால் நீங்கள் பாறையைக் கணிக்கவில்லை, அனுமதிக் கடிதத்தைக் கணிக்கிறீர்கள்.

உற்பத்தி தொடங்கிய பிறகு, மாதாமாதம் செலுத்தும் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து ஒரு வரைபடத்தில் குறித்து வாருங்கள். உப்புப் படிவும் நுண்துகளும் செலுத்துக் கிணற்றை மெல்ல அடைக்கும். அது மாதிரியில் ஸ்கின் எண் ஏறுவதாகத் தெரியும். ஆனால் அதே கோடு செலுத்தும் வெப்பநிலை இறங்கினாலும் ஏறும். அதனால் அமிலம் ஊற்றிக் கழுவ ஆள் கூப்பிடும் முன், அந்த மாதத்தின் பாகுநிலையைப் போட்டுத் திருத்திப் பாருங்கள்.